கையும் கருவியும் – 14: மொரத்தில் ஒரு குழி

2015 ஜூலை 3 அன்று சில்குர் பாலாஜி கோயில் பக்கத்தில் 'ஹரித ஹாரம்' மரம் நடும் திட்டம் தொடங்கியபோது தெலங்கானா அரசு வைத்த இலக்கு 230 கோடி மரக்கன்றுகள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க வேண்டும் என்று கணக்கு. அதன் பிறகு மழைக்காலம் வந்தாலே கன்றுகளின் எண்ணிக்கைதான் பேச்சு. அத்தனை கன்றுக்கும் குழி வேண்டுமே, அதை யார், எதை வைத்துத் தோண்டுவார்கள் என்பது மேடையில் வராது. இந்த வாரம் அந்தக் குழிக்கான கருவி.

தெலங்கானாவில் மண்வேலை என்றால் பாலமூரு ஆட்கள். மகபூப்நகருக்குப் பழைய பெயர் பாலமூரு. வறட்சிக்குத் தப்பி அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, நாடு முழுக்க அணைக்கும் கால்வாய்க்கும் மண் வெட்டியவர்கள். ஹைதராபாத்தின் குகட்பள்ளியில் கூலியாட்கள் காலையில் கூடும் 'அட்டா'வில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இன்றும் அவர்களைப் பார்க்கலாம். கொஞ்ச காலமாக அந்தக் கூட்டத்தில் சிலர் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பெட்ரோல் இன்ஜினையும், திருகாணியைப் பெரிதாக்கியது போன்ற இரும்புத் தண்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுதான் எர்த் ஆகர். நம் ஊர்ப் பக்கம் 'குழி போடுற மெஷின்' என்றால் புரியும்.

வேலை செய்யும் விதம் எளிது. மேலே சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், பெரும்பாலும் 52 முதல் 72 சிசிக்குள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் அந்த வேகத்தை முப்பதில், நாற்பதில் ஒரு பங்காகக் குறைக்க நடுவில் ஒரு கியர் பெட்டி. வேகம் குறையக் குறையத் திருகும் பலம் கூடும். கீழே மாட்டுவது பிட். 4, 6, 8, 10, 12 அங்குல அகலத்தில் கிடைக்கும். நீளம் சுமார் 80 சென்டிமீட்டர்.

ராணிகஞ்ச் கருவிச் சந்தையில் கடைக்காரர் முதலில் சொல்வது சிசி. 52 இவ்வளவு, 63 இவ்வளவு, 68 இவ்வளவு என்று விலையும் அந்த ஏணியிலேயே ஏறும். வாங்குபவரும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிவிடுவார். நான் சிசியைக் கடைசியில்தான் கேட்பேன். ஒற்றை ஆள் பிடிக்கும் கருவியில் இன்ஜின் பெரிதானால், பிட் கல்லில் சிக்கும்போது கைப்பிடி திரும்பி அடிக்கும் அடியும் பெரிதாகும். மணிக்கட்டும் விலாவும்தான் அதை வாங்கிக்கொள்ளும். பிட் சிக்கியதும் தண்டை நிறுத்தும் பிரேக் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஸ்டில் கம்பெனியின் பி.டி. 131-இல் அது உண்டு. இன்ஜின் வெறும் 36 சிசிதான். மலிவு விலை மெஷின்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. இரண்டாவது, பிட்டின் நுனி. வெட்டும் பற்கள் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறதா, தேய்ந்தால் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்று பாருங்கள். மூன்றாவதாகத்தான் சிசி. 8 அங்குலத்துக்கு 52 போதும். 12 அங்குலத்துக்கு அது திணறும்.

சமதள வண்டல் மண்ணில் இதெல்லாம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. குகட்பள்ளியில் பெரிய விஷயம். ஹைதராபாத் உட்கார்ந்திருப்பது சுமார் 250 கோடி ஆண்டு வயதான கிரானைட் மேல். மேலே ஓரடி, ஒன்றரை அடி செம்மண். அதற்கடியில் மொரம், அதாவது கிரானைட் மக்கி உதிர்ந்த சரளை. அதற்கும் கீழே பாறை. சில தெருக்களில் பாறை முழங்கால் ஆழத்திலேயே வந்துவிடும். இது போதாதென்று, அங்குள்ள கே.பி.ஹெச்.பி. காலனிப் பூங்காக்கள் பலவற்றில் மேல்மண்ணே மண் இல்லை. இடித்த வீட்டின் சிமென்ட் கட்டி, கம்பித் துண்டு, பாலிதீன் பை என்று கொட்டி நிரவிய இடம். கட்டியாவது பரவாயில்லை, பழைய சாக்குக் கயிறு பிட்டில் சுற்றிக்கொண்டால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்.

அப்படி ஒரு பூங்காவில் வேலி போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். மெஷின் பிடித்த பாலமூரு இளைஞர் தரையைப் பார்க்கவே இல்லை, சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். செம்மண்ணில் இன்ஜின் ஒரே சீராக முனகியது. ஒரு சாண் இறங்கியதும் பிட்டை மேலே தூக்கி மண்ணை உதறினார், மறுபடி இறக்கினார். மொரம் தட்டியதும் சத்தம் கரகரத்தது. திடீரென்று குரல் உயர்ந்து கைப்பிடி துள்ள, கட்டைவிரல் அந்த நொடியே த்ராட்டிலை விட்டது. "ராயி தகிலிந்தி, சார்" என்றார், கல் பட்டுவிட்டது. அழுத்தவும் இல்லை, மறுபடி முயலவும் இல்லை. பக்கத்தில் இருந்த அவர் மாமா கடப்பாரையை எடுத்து நாலு குத்து விட்டு, இரண்டு கை அகலக் கல்லைப் பெயர்த்து வெளியே போட்டார். பிறகு மெஷின். ஒரு குழிக்குள் இருவரும் இப்படி மாறி மாறித்தான் வேலை பார்த்தார்கள். கடப்பாரை இல்லாமல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு வரும் ஆளை இந்த ஊரில் நான் கூப்பிட மாட்டேன்.

சிக்கிய பிட்டை இன்ஜின் பலத்தில் இழுத்து எடுக்கக் கூடாது. அணைத்துவிட்டு, தண்டைக் குழாய் ரெஞ்சால் எதிர்த்திசையில் திருப்பினால் வந்துவிடும். லுங்கி, துண்டு, தொங்கும் துப்பட்டா எதுவும் கிட்டே வரக் கூடாது. மொரம் இறுகிக் கிடந்தால் முதல் நாள் மாலையே குழி விழும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

வேலிக் கல்லுக்கும் ஆங்கிள் கம்பிக்கும் இந்த மெஷினை மிஞ்ச ஆளில்லை. இரண்டடி ஆழம், 8 அங்குல அகலம், ஓரம் சிதறாத குழி. கான்கிரீட் குறைவாகப் பிடிக்கும். மரக்கன்றுக்கு வரும்போதுதான் எனக்குத் தயக்கம். வழக்கமாகச் சொல்லும் குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. சுமார் 96 லிட்டர் மண் வெளியே வரும். 12 அங்குல பிட் அதே ஆழத்துக்கு இறங்கினால் வெளியே வருவது சுமார் 33 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு. நல்ல மண்ணில் வேர் தானே வழி தேடிக்கொள்ளும், மொரத்தில் தேடாது. ஏரிக்கரையோரக் களிமண்ணில் இன்னொரு தொல்லை. பிட் சுற்றிய சுவர் பூசி மெழுகியது போல் வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்காமல் தொட்டிக்குள் போலக் குழிக்குள்ளேயே வளையமடிக்கும். கடப்பாரை நுனியால் சுவரை நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். கன்று நடுவதாக இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று குழி போட்டு நடுத்திட்டுகளை இடித்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். தெலங்கானாவின் 2018 பஞ்சாயத்து ராஜ் சட்டம் நட்ட கன்றுகளில் 85 சதவீதம் பிழைக்க வேண்டும் என்கிறது. அந்த 85 தீர்மானமாவது பெருமளவு குழியில்தான்.

பிட் 80 சென்டிமீட்டர் என்றேன் அல்லவா? தாழ்வழுத்த மின் கேபிளைப் புதைக்க இந்தியத் தர விதி சொல்லும் ஆழம் 75 சென்டிமீட்டர். தெருவை உயர்த்தி, வெட்டி, மறுபடி மூடிய காலனிகளில் அந்த 75-ஐயும் நம்ப முடியாது. குடிநீர்க் குழாய் இன்னும் மேலேயே ஓடும். நடைபாதை ஓரத்தில் மெஷினை வைக்குமுன் லைன்மேனையும் பழைய பிளம்பரையும் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கே கைக்கடப்பாரைதான், அதுவும் மெல்ல.

சொந்தமாக வாங்கலாமா? பத்து ஏக்கர் தோட்டம் வைத்து வருஷா வருஷம் வாழையும் முருங்கையும் நடுபவர் வாங்கலாம். காலனிச் சங்கம் வாங்கினால், ஆண்டுக்கு இரண்டு நாள் ஓடி மீதி நாள் செக்யூரிட்டி அறையில் கிடக்கும். கலந்து வைத்த பெட்ரோல் அதற்குள் கெட்டுவிடும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்து கார்புரேட்டரை அடைக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வேலை முடிந்த அன்றே டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டூ-டி ஆயில் அளவைக் கையேட்டில் பார்த்துக் கலக்குங்கள்: லிட்டருக்கு 20 மில்லி கேட்கும் மெஷினும் உண்டு, 40 கேட்பதும் உண்டு. வாடகைக்கு எடுப்பதானால் மெஷினை மட்டும் எடுக்காமல் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளோடு சேர்த்து எடுங்கள், குழிக் கணக்கில் பேசுங்கள். பாறை வந்து பாதியில் நின்ற குழிக்கு என்ன கூலி என்பதை முதல் குழி விழுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

(தொடரும்)