கட்டணம் போய்ச் சேரும் வழி

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணமும், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரியும், மாதந்தோறும் கைபேசி, இணைய இணைப்பு, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கான கட்டணங்களும், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யும்போதெல்லாம் அதற்கான தொகையும் செலுத்த வேண்டியிருக்கிறது. முன்பு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், மின் கணக்கீட்டைக் குறிக்கும் வெள்ளை அட்டையுடன் வரிசையில் நின்று கட்டிய தொகை இப்போது கைபேசித் திரையில் சில நொடிகளில் போய்விடுகிறது. ஆனால் அப்படிப் போன தொகை உரிய கணக்கில் உரிய நாளுக்குள் வரவு வைக்கப்பட்டதா என்ற கேள்விக்கு, முத்திரையிட்ட ரசீது தந்த உறுதியை எல்லாச் சேவைகளும் ஒரே அளவில் தருவதில்லை. எந்தச் செயலியில் எவ்வளவு ‘கேஷ்பேக்’ கிடைக்கும் என்ற கணக்கே பலருடைய தேர்வைத் தீர்மானிக்கிறது. அந்தச் சலுகை சில ரூபாயோடும் ஓரிரு மாதத்தோடும் முடிந்துவிடும். பணம் நடுவழியில் நின்றுவிட்டால் அதற்குப் பொறுப்பேற்பவர் யார், எத்தனை நாளில் அது திரும்பும், யாரிடம் முறையிடுவது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே குடும்பத்துக்கு நெடுங்காலம் உதவும்.

இதைப் புரிந்துகொள்ளச் செயலியின் திரைக்குப் பின்னால் இயங்கும் அமைப்பை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு மின்வாரியமும் தொலைபேசி நிறுவனமும் தனித்தனி வங்கிகளோடு தனித்தனி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த நிலையை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே கட்டண வலையை உருவாக்குவது பற்றி ஆராய, ரிசர்வ் வங்கி 2013-இல் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் உமேஷ் பெல்லூர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதைத் தொடர்ந்து 2014 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி உருவானதே ‘பாரத் பில் பேமென்ட் சிஸ்டம்’ என்ற அமைப்பு. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் துணை நிறுவனம் ஒன்று இதை நடத்துகிறது. அண்மைக் காலமாக ‘பாரத் கனெக்ட்’ என்ற பெயரே செயலிகளில் அதிகம் தென்படுகிறது. இந்த வலையில் இரண்டு வகையான நிறுவனங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் பக்கம் நின்று பணத்தைப் பெற்றுக்கொள்பவை ஒரு வகை. வங்கிகளும் உரிமம் பெற்ற செயலி நிறுவனங்களும் இதில் அடங்கும். கட்டணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பக்கம் நின்று, அதன் கணினியிலிருந்து பில்லை எடுத்துத் தந்து, வந்த பணத்தை அதனிடம் ஒப்படைப்பவை மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையே தகவலைக் கடத்துவதும், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குத் தீர்ப்பதும் மைய அமைப்பின் வேலை.

எனவே ஒரு செயலியில் மின்கட்டணம் செலுத்தும்போது, அந்தச் செயலி மின்வாரியத்தோடு நேரடியாகப் பேசுவதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் நடுவே மூன்று கைகளாவது அந்தப் பணத்தைத் தொட்டுக் கடக்கின்றன. இந்த வலை வழியாகச் செல்லும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனிப் பரிவர்த்தனைக் குறிப்பு எண் உண்டு. ரசீதில் பாரத் பில் அல்லது பாரத் கனெக்ட் சின்னமும் அந்த எண்ணும் இடம்பெற்றிருந்தால், பணம் எந்தக் கையில் நிற்கிறது என்பதைப் பின்னர் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்திய நெறிகள், வலையில் உள்ள எல்லா நிறுவனங்களும் பொதுவான ஒரு புகார்த் தீர்வு அமைப்போடு இணைந்திருக்க வேண்டும் என்று கூறுகின்றன. புதிய சேவை ஒன்றைச் சோதிக்கும்போது, சலுகைப் பக்கத்தை விட்டுவிட்டு, இந்தச் சின்னமும் புகார் பதியும் இடமும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. அவற்றை எளிதில் கண்டுபிடிக்க முடியாத சேவையை ஒதுக்கிவிடலாம்.

கட்டணம் செலுத்தப் பொதுவாக மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, கட்டணம் வசூலிக்கும் நிறுவனத்தின் சொந்த இணையதளம் அல்லது செயலி. இங்கே தொகை உடனே அந்த நிறுவனத்தின் கணக்கில் பதிவாகும் வாய்ப்பு அதிகம், ஆனால் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒவ்வோர் இடத்தில் கடவுச்சொல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாவது, கணக்கு வைத்திருக்கும் வங்கியின் இணையச் சேவை அல்லது செயலி. தோற்றத்தில் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும், பணம் வைத்திருக்கும் இடமும் அதை அனுப்பும் இடமும் ஒன்றே என்பதால், தவறு நேர்ந்தால் கேட்க வேண்டியவர் யார் என்பதில் குழப்பம் குறைவு. மூன்றாவது, யு.பி.ஐ. எனப்படும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறையைப் பயன்படுத்தும் வெளி நிறுவனச் செயலிகள். வசதியில் முன்னிற்பவை இவைதாம், பொறுப்பு பலரிடையே பிரிந்து கிடப்பதும் இங்கேதான்.

மூன்றாவது வாயிலில் நுழைவோர் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே செயலிக்குள் வங்கிக் கணக்கிலிருந்து நேரே செலுத்தும் யு.பி.ஐ. வசதியும், முன்கூட்டியே பணத்தை நிரப்பி வைத்துச் செலவழிக்கும் ‘வாலட்’ என்ற பணப்பையும் அடுத்தடுத்து இருக்கும். யு.பி.ஐ. வழியில் பணம் கடைசி நொடிவரை வங்கியிலேயே வட்டியோடு இருக்கிறது. பணப்பையில் நிரப்பிய தொகைக்கு வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைவிட முக்கியமானது, அந்தத் தொகையின் கதி பணப்பையை நடத்தும் நிறுவனத்தின் கதியோடு பிணைந்திருப்பது. 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்குப் பிறப்பித்த ஆணையும், பின்னர் மார்ச் 15 வரை அளித்த கால நீட்டிப்பும் இதை நாடறியக் காட்டின: அந்த நாளுக்குப் பின் அந்த வங்கியின் கணக்குகளிலும் பணப்பைகளிலும் புதிதாகப் பணம் நிரப்ப முடியாது என்றும், இருக்கும் இருப்பை மட்டும் பயன்படுத்தலாம் என்றும் ஆனது. அதே பெயரைக் கொண்ட செயலியோ வேறு வங்கிகளின் துணையோடு யு.பி.ஐ. சேவையைத் தொடர்ந்தது. செயலியின் பெயரும் பணத்தைக் காக்கும் நிறுவனமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி அரிது. வீட்டுக் கட்டணங்களுக்காக மட்டும் பணப்பையில் பெருந்தொகையைத் தேக்கி வைப்பதற்கு இன்று வலுவான காரணம் எதுவும் இல்லை.

அடுத்து, எண்ணைப் பற்றிய விஷயம். மின் இணைப்பு எண்ணையோ வாடிக்கையாளர் எண்ணையோ தட்டியவுடன் நிறுவனத்தின் கணினியிலிருந்து பெயர், தொகை, கடைசி நாள் ஆகியவற்றை எடுத்துத் திரையில் காட்டும் சேவை, தொகையையும் எண்ணையும் நாமே நிரப்பச் சொல்லும் சேவையைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. தமிழ்நாட்டு மின் இணைப்பு எண்ணில் மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்று அடுக்கடுக்காக இலக்கங்கள் அமைந்திருப்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் வேறொரு வீட்டின் கட்டணம் கட்டப்பட்டுவிடக்கூடும். திரையில் தோன்றும் பெயரே இதைத் தடுக்கும் காவல். ஆனால் இந்தப் பெயர் பெரும்பாலும் குடியிருப்பவருடையதாக இருப்பதில்லை; இணைப்பு பெற்ற காலத்தில் இருந்த தாத்தாவின் பெயரிலோ, வீட்டை விற்றுச் சென்ற பழைய உரிமையாளரின் பெயரிலோ, வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரின் பெயரிலோ அது இருக்கும். ஆகவே குடிபுகும் நாளிலேயே வெள்ளை அட்டையையோ பழைய ரசீதையோ கேட்டு வாங்கி, பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்வது நல்லது. கைபேசி, தொலைக்காட்சி ‘ரீசார்ஜ்’ போன்றவற்றில் இந்தப் பெயர்க் காவல் பெரும்பாலும் கிடையாது. தவறான எண்ணுக்குச் சென்ற தொகையைத் திரும்பப் பெறுவது கடினம்.

குடும்பங்களுக்கு மிகுந்த மன உளைச்சலைத் தருவது, வங்கிக் கணக்கிலிருந்து தொகை கழிந்துவிட்டது, ஆனால் கட்டணம் சேரவில்லை என்ற இடைநிலை. செயலியில் ‘நிலுவையில்’ என்ற சொல் மட்டும் நின்றுகொண்டிருக்கும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இத்தகைய தோல்விகளுக்குக் காலக்கெடு விதித்தது: யு.பி.ஐ. வழியில் ஒரு வணிக நிறுவனத்துக்குச் செலுத்திய தொகை கணக்கிலிருந்து கழிந்தும், செலுத்தியதற்கான உறுதி அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் பணம் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வாடிக்கையாளர் கேட்காமலேயே வரவு வைக்கப்பட வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் மின்கட்டணத்தின் கடைசி நாள் அந்த 5 நாள்களுக்காகக் காத்திருக்காது. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உள்ள வீட்டு மின்கட்டணத்தைக் கடைசி நாள் இரவில் செலுத்துவோர், பணம் சிக்கிக்கொண்டால் இரண்டாம் முறை கட்டுவதா, காத்திருப்பதா என்ற இக்கட்டில் அகப்படுகின்றனர். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே செலுத்தும் பழக்கம் இருந்தால் இந்த இக்கட்டே எழாது. அப்படியும் சிக்கினால், மீண்டும் செலுத்துவதற்கு முன் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த இணைப்பு எண்ணுக்குத் தொகை இன்னும் நிலுவை காட்டுகிறதா என்று பார்ப்பதே சரியான வழி. செயலி சொல்வதைவிட நிறுவனத்தின் ஏடு சொல்வதே இங்கே செல்லும்.

மறதிக்கு மருந்தாகப் பல சேவைகள் முன்வைப்பது தானியங்கிக் கட்டணம். அதாவது, ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தொகை தானாகவே கழியும் ஏற்பாடு. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள நெறிகளின்படி, இத்தகைய ஏற்பாட்டைப் பதிவு செய்யும்போது கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். பணம் கழியும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு அறிவிப்பு வர வேண்டும். விரும்பாதவர் அந்த ஒரு முறையையோ ஏற்பாடு முழுவதையுமோ நிறுத்த வசதி இருக்க வேண்டும். தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட வீட்டுக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு தேவை. தொகை மாறாத இணைய இணைப்புக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே ஏறி இறங்கும் மின்கட்டணத்துக்கோ, நியாயமான உச்சவரம்பு ஒன்றைக் குறித்து வைத்தால் மட்டுமே பொருந்தும். கணக்கெடுப்பில் தவறு நேர்ந்து பெருந்தொகை வந்தால் அந்த வரம்பு தடுத்து நிறுத்தி, முறையிட நேரம் தரும். வாடகை வீட்டைக் காலி செய்வோர் இந்த ஒப்புதலை நீக்க மறந்தால், அடுத்துக் குடிவருபவரின் மின்கட்டணத்தையும் அவர்களே கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கூடுதல் கட்டணம் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ., ரூபே டெபிட் அட்டை ஆகியவற்றுக்கு வணிகரிடம் தரகு வசூலிக்கப்படுவதில்லை என்றாலும், ‘சேவைக் கட்டணம்’, ‘தளக் கட்டணம்’ என்ற பெயர்களில் சில செயலிகள் வாடிக்கையாளரிடம் சிறு தொகை பெறுகின்றன. கடன் அட்டையைப் பயன்படுத்தும்போது இது மேலும் கூடும். இறுதியாக ஒப்புதல் தருவதற்கு முன் பில்லில் உள்ள தொகையும் திரையில் உள்ள தொகையும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

வீட்டுக் கட்டணங்களைக் குறிவைக்கும் மோசடி, அதிலும் முதியவர்களை மிரட்டும் மோசடி, தனியே பேச வேண்டிய கொடுமை. ‘சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்ற குறுஞ்செய்தி 2022 முதல் நாடெங்கும் பலரை ஏமாற்றியிருக்கிறது. அழைத்தவரிடம் ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். அது கைபேசித் திரையை மறுமுனையில் இருப்பவருக்கு அப்படியே காட்டிவிடும். பத்து ரூபாய் மட்டும் செலுத்திச் சரிபாருங்கள் என்று கூறி, அப்போது தட்டப்படும் இரகசிய எண்ணைக் கண்டு, கணக்கையே காலி செய்வார்கள். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56-ஆவது பிரிவில், கட்டணம் கட்டாதவருக்கும் 15 முழு நாள் எழுத்து மூல முன்னறிவிப்பு தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது; இரவோடு இரவாக இருட்டாக்கும் அதிகாரம் குறுஞ்செய்தி அனுப்புபவர் எவருக்கும் இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து பேசிப் புரியவைக்க வேண்டும். யு.பி.ஐ. இரகசிய எண் பணத்தை அனுப்புவதற்குத் தேவை, பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை என்பதும், இணையத் தேடலில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்கள் பல போலியானவை என்பதும் அதே பேச்சில் இடம்பெற வேண்டியவை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள், தாய் தந்தையரை இந்தத் தொல்லைக்கு ஆளாக்காமல், அங்கிருந்தே அவர்கள் வீட்டுக் கட்டணங்களைச் செலுத்தவும் வழி இருக்கிறது. பாரத் பில் வலை வழியாக வெளிநாட்டிலிருந்து வரும் கட்டணங்களை ஏற்க 2022-இல் ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது.

பணம் மோசடியில் போய்விட்டால் தாமதம் பெரும் பகை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் அதே வேகத்தில் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியில், 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலையில் வெளியான சுற்றறிக்கை கூறுகிறது. தானே இரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுத்தவருக்கு, வங்கியிடம் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பில் இந்தக் காப்பு கிடைக்காது. மோசடி அல்லாத, சேவைக் குறைபாடு பற்றிய முறையீடு வேறு பாதையில் செல்ல வேண்டும். பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணுடன் முதலில் செயலியிலோ வங்கியிலோ எழுத்து மூலம் புகார் பதிந்து, 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் இதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கிறது. முதல் புகாரைப் பதிந்த தேதியும் அதற்கான சான்றும் கையில் இல்லாதவரின் மனு அங்கே நிற்காது என்பதால், செயலிக்குள் நடந்த உரையாடலின் படத்தையும் ரசீதையும் கட்டணம் வரவாகும் வரையாவது வைத்திருப்பது அவசியம்.