சுழல் கற்பித்த பாடம்

திரவங்களும் வாயுக்களும் ஓடும் விதத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற விழையும் மாணவன், வகைக்கெழுச் சமன்பாடுகளை வகுப்பறையில் அப்பியாசம் செய்வது அவசியமே எனினும், கருவி காட்டுவதை நம்புவதா, ஐயுறுவதா என்னும் விவேகத்தை ஆய்வுக்கூடத்திலேதான் பெறுகிறான். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், 1911-ஆம் ஆண்டையொட்டி, பேராசிரியர் லுட்விக் பிராண்டிலின் மாணவரான ஹீமன்ஸ், நீரோட்டத்தில் நிறுத்திய உருளையைச் சுற்றியுள்ள அழுத்தத்தை அளக்க முற்பட்டபோது, ஓட்டம் ஓயாமல் ஊசலாடிற்று. உருளை சரியான வட்டமன்று என்றார் ஆசிரியர். செப்பனிட்டும் ஊசல் நிற்கவில்லை. கால்வாயைத் திருத்தியும் பயனில்லை. (ஆசிரியரும் பிழைபடுவார் என்பது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?) அருகிலிருந்து அன்றாடம் விசாரித்து வந்த தியோடர் வான் கார்மன், ஊசலாட்டமே அவ்வோட்டத்தின் சுபாவம் என்று ஊகித்து, உருளையின் பின்னே மாறி மாறித் தோன்றும் சுழல் வரிசைகளின் ஸ்திரத்தன்மையைக் கணித்துக் காட்டினார். உயர்ந்த புகைபோக்கிகளைக் கட்டும் பொறியாளர்கள் இன்றும் அச்சுழல்களைக் கணக்கில் கொள்கிறார்கள்.