கோடுகள் அழவைத்த படம்

விநாடிக்கு 24 படங்கள் என்பது சினிமாவின் கணக்கு. 83 நிமிடப் படத்துக்கு 1,19,520 படங்கள் வேண்டும். ஆளைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, அதைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தகட்டில் மையால் படியெடுத்து, தகட்டின் பின்புறம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துக் காமிராவால் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். ஒரே தகட்டை இருமுறை பிடித்துக்கொள்ளும் இடங்களைக் கழித்தாலும் தலை சுற்றுகிற வேலைதான். கணினி இல்லாத காலத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் இப்படி உருவானதுதான் 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு சித்திரக்குள்ளர்களும்'. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் அதன் முதல் காட்சி நடந்தது.

அமெரிக்காவில் அதற்குமுன் கார்ட்டூன் என்றால், பெரிய படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் ஓடும் துணுக்குதான். முழுநீளப் படம் எடுக்கிறார் என்றதும் ஹாலிவுட்காரர்கள் அதை 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்றார்கள். செலவு முதலில் போட்ட மதிப்பீட்டைப் போலப் பல மடங்காகி, ஏறத்தாழ 15 லட்சம் டாலரில் போய் நின்றது. டிஸ்னி வீட்டை அடமானம் வைத்தார். அதுவும் போதாமல், பாதி வண்ணமும் பாதி பென்சில் கோடுமாக இருந்த படத்தை வங்கி அதிகாரிக்குப் போட்டுக் காட்டித்தான் மீதிக் கடனை வாங்க முடிந்தது.

பணத்தைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. வரைந்த பொம்மையைப் பார்த்து மனிதன் சிரிப்பான், அது தெரிந்த விஷயம். அழுவானா?

அழுதார்கள். முதல் காட்சியிலேயே பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை, அங்கே இருந்த ஸ்டுடியோ ஓவியர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். விஷ ஆப்பிளைத் தின்று ஸ்நோ ஒயிட் கிடக்கிறாள். சுற்றிலும் மெழுகுவர்த்திகள். ஆர்கன் இசை மட்டும் மெல்லக் கேட்கிறது, வசனம் கிடையாது. ஃப்ராங்க் தாமஸ் என்ற ஓவியர் வரைந்த அந்தக் காட்சியில் குள்ளர்கள் ஏறக்குறைய அசைவதே இல்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்குகிறது. அதுவரை ஓடியும் விழுந்தும் நம்மைச் சிரிக்கவைத்தவர்கள் அசையாமல் நிற்பதே நம்மை உலுக்குகிறது. அசைவைக் காட்டுவதற்கென்றே பிறந்த கலையில் அசைவை நிறுத்தத் துணிந்தார்களே, அதைத்தான் நான் வியக்கிறேன்.

இந்தக் கண்ணீருக்கு முன்கூட்டியே பாதை போட்டிருக்கிறார்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதையில் ஏழு குள்ளர்களுக்குப் பெயரும் இல்லை, தனிக்குணமும் இல்லை. டிஸ்னி ஒவ்வொருவருக்கும் குணத்தையே பெயராக வைத்தார். கூச்சப்படுகிறவர், தும்முகிறவர், தூங்கி வழிகிறவர், பேசவே பேசாத அசடு டோப்பி என்று போகிறது பட்டியல். அவர்களில் கிரம்பி என்ற சிடுமூஞ்சிதான் படத்தின் அச்சாணி. பெண் வந்தாலே வம்பு என்று முதலில் முறைக்கிறவர் அவர். ஒரு காலை, சுரங்கத்துக்குக் கிளம்பும்போது, வீட்டுக்குள் யாரையும் விடாதே என்று அவளை எச்சரிக்கிறார். அவள் அவர் தலையில் ஒரு முத்தம் கொடுக்கிறாள். முறைப்பாகத்தான் நடக்கிறார், நாலடி தள்ளிப்போனதும் முகம் இளகுகிறது. ஆபத்து என்று தெரிந்ததும் முதலில் மான்மீது ஏறிப் பாய்கிறவரும் அவரே. ஆகவே கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும்போது, நாம் ஒரு பொம்மைக்காக அழவில்லை. அந்தக் குணத்து மாமா ஒருவர் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்.

மூலக்கதையில் அரசி மாறுவேடத்தில் மூன்று முறை வருகிறாள்: இடுப்புக் கச்சையோடு ஒருமுறை, விஷச் சீப்போடு ஒருமுறை, பிறகு ஆப்பிளோடு. படத்தில் ஆப்பிள் மட்டும்தான். மூலத்தில் முத்தமும் இல்லை. பெட்டியைத் தூக்கிச் செல்பவர்கள் தடுக்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் பிழைக்கிறாள். படமாகப் பார்த்தால் அது சிரிப்பாகிவிடும், மாற்றியதே சரி.

வெட்டியதிலும் தயவு தாட்சண்யம் இல்லை. குள்ளர்கள் உறிஞ்சி உறிஞ்சி சூப் குடிக்கும் காட்சியை வார்ட் கிம்பல் என்ற இளம் ஓவியர் பல மாதங்கள் உழைத்து வரைந்தார். நல்ல வேடிக்கைதான், ஆனால் கதை அங்கே நின்றுவிடுகிறது என்று டிஸ்னி நீக்கிவிட்டார். சிக்னல் விழுந்தபின் வண்டியை நடுவழியில் நிறுத்தலாமா? (ரயில்வேக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தக் கிம்பல் பிற்பாடு தம் வீட்டுத் தோட்டத்தில் நிஜமான நீராவி எஞ்சினையே ஓட்டினார். டிஸ்னியும் தம் பங்குக்கு 1950-இல் வீட்டைச் சுற்றி ஏழே கால் அங்குல கேஜில் பாதை போட்டு, மனைவி பெயரைச் சேர்த்து 'லில்லி பெல்' என்ற சிறு எஞ்சினை விட்டார்.)

பாடல்களுக்கு வருகிறேன். இசை ஃப்ராங்க் சர்ச்சில், பாடல் வரிகள் லாரி மோரி. எந்தப் பாட்டையும் எடுத்துவிட்டுக் கதையைச் சொல்ல முடியாது. அணில் வாலால் தூசி தட்ட, ஆமையின் வயிறு துணி துவைக்கும் பலகையாக, வீடு சுத்தமாவதே ஒரு பாட்டுக்குள் நடந்துவிடுகிறது. குள்ளர்களின் 'ஹை ஹோ' பாட்டை வேலைக்குப் போகும் பாட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். படத்தில் அது வேலை முடிந்து வீடு திரும்பும் பாட்டு. பிலாஸ்பூர் பக்கம் நான் இருந்தபோது, கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நகர்த்தும் கேங்மேன்களில் ஒருவர் குரல் எடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் கொடுத்து ஒரே மூச்சில் நெம்புவார்கள். சத்தீஸ்கரி தெரியாத எனக்கும் எந்த அடியில் பாரம் நகரும் என்பது புரிந்துவிடும். ஆங்கிலம் தெரியாத குழந்தையும் இந்தப் படத்தில் ஒன்றிப்போவதற்கு இதே காரணம்தான்.

இனித் தொழில்நுட்பம். ரயில் ஜன்னலில் பாருங்கள்: தந்திக் கம்பம் பறக்கும், தென்னை மெதுவாக நகரும், மலை நம்மோடு கூடவே வரும். பழைய கார்ட்டூனில் எல்லாம் ஒரே தட்டையான ஓவியம் என்பதால், காமிரா கிட்டே போனால் மரத்தோடு சேர்ந்து நிலாவும் பெருக்கும். இதைத் தீர்க்க ஓவியங்களைக் கண்ணாடிகளில் தனித்தனியாகத் தீட்டி, இடைவெளிவிட்டு மேலும் கீழுமாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தி, மேலிருந்து படம் பிடித்தார்கள். 'மல்டிபிளேன்' காமிரா என்று பெயர். அதே ஆண்டு வந்த 'தி ஓல்ட் மில்' என்ற குறும்படத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறக்கினார்கள். காட்டுக்குள் நாமே நுழைவது போன்ற உணர்வு அதனால் வருவது.

குறை இல்லாமல் இல்லை. இளவரசன் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை தலைகாட்டுவதோடு சரி. இயல்பான ஆண் உருவத்தை நடமாடவிடுவது ஓவியர்களுக்கு அவ்வளவு கடினமாக இருந்தது. என் பேத்தி வேறொன்று கேட்டாள்: "ஏன் தாத்தா, அவ மட்டுமே சமைச்சு, பெருக்கிட்டு, ராஜகுமாரன் வருவான்னு காத்துட்டு இருக்கணுமா?" நியாயமான கேள்வி. உயிருக்கு ஓடிவந்தவள், தங்க இடம் கொடுத்தால் சமைத்துப் போடுகிறேன் என்று பேரம் பேசுகிறாள். கை கழுவாமல் சாப்பாடு கிடையாது என்று ஏழு பேரையும் விரட்டவும் செய்கிறாள் என்றேன். "அப்புறம் தூங்கிடறாளே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, படத்திடமும் இல்லை.

2025-இல் நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்ததில் குள்ளர்களைக் கணினி வரைந்திருக்கிறது. தோல் சுருக்கம்கூடத் துல்லியம். எனக்கென்னவோ அந்தச் சிடுமூஞ்சி மீது பாசம் பிறக்கவில்லை.

குழந்தைகளுக்குப் பழைய படத்தையே காட்டுங்கள். ஆனால் மிகச் சிறியவர்களைத் தனியே உட்காரவைக்க வேண்டாம். மரக்கிளைகள் கைகளாக நீளும் காட்சியும், அரசி கிழவியாக மாறும் காட்சியும் நிஜமாகவே பயமுறுத்தும். பிரிட்டனில் 1938-இல் தணிக்கைக்காரர்கள் பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த இரண்டு இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.