வால்வு பெட்டிக்கு வந்த வாழ்வு!

கோயில் திருவிழா. சாமி புறப்பாடு. நாதசுரக்காரர் ஊத ஆரம்பித்ததும் மைக் செட் "கொய்ங்ங்..." என்று அலறுகிறது. கூட்டம் காதைப் பொத்திக்கொள்கிறது. மைக் செட்காரர் ஓடி வருகிறார். ஆம்ப்ளிபயரில் ஒரு குமிழைக் குறைக்கிறார். இன்னொன்றைக் கொஞ்சம் கூட்டுகிறார். அலறல் அடங்குகிறது. தவில் கணீரென்று கேட்கிறது.

தஞ்சை வட்டாரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

அந்தக் குமிழ்களுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் ஈக்வலைசர். பாட்டுப் பதிவு ஸ்டூடியோக்களில் இருப்பது. அதில் 70 வருடத்துக்கு முந்திய வால்வு மாடலுக்கு இன்று உலகம் முழுவதும் ஏக கிராக்கி! நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டி ஒன்று லட்சக் கணக்கில் விலை போகிறது. கிடைக்காதவர்கள் அதை அச்சு அசலாகத் திரும்பச் செய்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலத்தில் இது என்ன பைத்தியம்?

வேலை என்ன?

தவிலின் தொப்பிப் பக்கம் "தொம்" என்று விழும் அடி கனமான சத்தம். வினாடிக்கு 100 அதிர்வு, அதற்கும் கீழே என்று இறங்கும். நாதசுரத்தின் கூர்மை வேறு இடம். வினாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வு வரை உள்ள பகுதி மனிதக் காதுக்கு ரொம்ப உறைக்கும். அங்கே சத்தம் கொஞ்சம் கூடினாலும் காதைக் குத்தும்.

இரண்டையும் ஒரே மைக்கில் பிடித்தால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். எந்தப் பகுதியை ஏற்றுவது, எதை இறக்குவது என்று பிரித்துச் சரிசெய்வதுதான் ஈக்வலைசரின் வேலை.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் டீனெக் என்று ஓர் ஊர். யூஜின் ஷெங்க் என்பவர் தன் கூட்டாளியுடன் 1950களில் அங்கே பல்ஸ் டெக்னிக்ஸ் என்ற சிறு கம்பெனி நடத்தினார். அவர்கள் செய்த பெட்டிக்குச் சுருக்கப் பெயர் "பல்டெக்". நீல நிற முகப்பு. பெரிய பெரிய குமிழ்கள்.

அதில் ஒரு வேடிக்கை. 20, 30, 60, 100 அதிர்வு என்ற கனத்த பகுதியில் ஏற்ற ஒரு குமிழ், இறக்க ஒரு குமிழ். ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கினால் இரண்டும் கழிந்து போகும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை! ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுகின்றன. அடிக் கனம் கூடுகிறது. அதற்குச் சற்று மேலே இருக்கும் "கொதகொத" சத்தம் குறைகிறது. இந்தத் தந்திரத்துக்காகவே ஸ்டூடியோக்காரர்கள் அந்தப் பெட்டியைத் தேடுகிறார்கள்.

காயில்தான் உயிர்!

பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆச்சரியம். சத்தத்தைப் பிரிக்கும் பகுதியில் காயில், கண்டன்சர், ரெசிஸ்டர் மட்டும்தான். அதற்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் அதைத் தாண்டும்போது சத்தம் இளைத்துப் போகும். இளைத்ததைப் பழையபடி தூக்கிக் கொடுக்கத்தான் வால்வுகள்.

திரும்பச் செய்கிறவர்களை ஆட்டிவைப்பது இந்தக் காயில். சர்க்யூட் படம் யாருக்கும் கிடைக்கும். ஆனால் எந்தக் கம்பி, எத்தனை சுற்று, நடுவில் எந்த இரும்புக் கலவை என்பதைப் பொறுத்துத்தான் குரல் அமையும். சத்தம் பலமாக வரும்போது அந்த இரும்பு ஓரளவுக்கு மேல் தாங்காது. அப்போது அது சேர்க்கிற இழைவுதான் "பழைய வாசனை" என்று பாட்டுக்காரர்கள் சொல்வது.

நம் ஊர் விவசாயிக்கு இது புதிதல்ல. குறுவை நேரத்தில் பம்பு செட் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டும் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் என்ன செய்கிறார்? எரிந்த காயிலைப் பிரிக்கிறார். சுற்றுகளை எண்ணுகிறார். கம்பியின் தடிமனை அளக்கிறார். அதே கணக்கில் புதிதாகக் கட்டுகிறார். கணக்கு தப்பினால் மோட்டார் மறுபடி எரியும்.

பல்டெக் விஷயத்திலும் நடந்தது இதுதான். பழைய கம்பெனி மூடிப்போன பிறகு, ஸ்டீவ் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பழைய பெட்டிகளைப் பிரித்து அளந்தார். பல வருடம் பாடுபட்டு, அதே பல்ஸ் டெக்னிக்ஸ் பெயரில் மறுபடி செய்ய ஆரம்பித்தார். அவருக்கு முன்பே, 1980களில், டென்மார்க்கின் டியூப்டெக் கம்பெனி இதே வழியில் ஒரு பெட்டி கொண்டுவந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பல்டெக் போல வேலை செய்யும் புரோகிராமும் வந்துவிட்டது. ஆனாலும் காயில் சுற்றும் கைக்கு மதிப்பு குறையவில்லை.

நரசிங்கம்பேட்டையில்...

மின்சாரம் இல்லாமலே இந்த வேலையைச் செய்கிற ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் உள்ள நரசிங்கம்பேட்டை!

முன்னாளில் எல்லோரும் ஊதியது திமிரி நாதசுரம். குட்டையானது. சுருதி ஏறியிருக்கும். வீதியில் நாலு தெருவுக்குக் கேட்கும். சபாவில், மைக் முன்னால் வாசித்தால் காதைத் துளைக்கும். சுத்த மத்தியமமும் அதில் சரியாகப் பேசாது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு இது பெரிய குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அந்தக் குறையைத் தீர்த்தார். நீளத்தைக் கூட்டி, துளைகளின் கணக்கை மாற்றி, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாதசுரத்தை 1955ல் கடைந்து கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1956 டிசம்பரில், பிள்ளைவாள் மறைந்தார். பாரி நின்றுவிட்டது. இன்றைக்குக் கச்சேரி மேடையில் கேட்பது அதுதான்.

நாதசுரத்தின் அடிப்பக்கம் விரல் படாத துளைகள் உண்டு. பிரம்மசுரம் என்பார்கள். அதில் மெழுகு வைத்து அடைத்தும் எடுத்தும் நாதத்தைச் சீர்செய்வார்கள். குமிழ் திருகுவதற்குப் பதில் மெழுகு!

மரமும் பழசாகத்தான் வேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தூண், உத்திரம் இவைதான் தோது. பல காலம் காய்ந்த மரம் வெடிக்காது. பழைய டிரான்ஸ்பார்மரைத் தேடி அலையும் அமெரிக்கக்காரருக்கும், பழைய தூணைத் தேடி அலையும் ஆச்சாரிக்கும் கவலை ஒன்றுதான்.

2022ல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் செய்கிற குடும்பங்கள் ஒரு சிலதான்.

பழி யார் மேல்?

இதில் நமக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பழைய கிராமபோன் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டுகளில் பதியும்போது கனத்த சத்தத்தை வேண்டுமென்றே குறைத்துப் பதிவார்கள். இல்லாவிட்டால் தட்டில் கோடு அகலமாகி, பக்கத்துக் கோட்டில் இடிக்கும். போடும்போது குறைத்ததைக் கூட்டிக் கேட்க வேண்டும். 1950களின் நடுவில் எல்லோருக்கும் ஒரே அளவு வரும்வரை, கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு வேறு.

கணக்குத் தெரியாமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன ஆகும்? தவில் தகர டப்பாவாகும். நாதசுரம் கீச்சிடும். கேட்கிற பையன், "அந்தக் காலத்து ஆளுங்க வாசிப்பு இவ்வளவுதானா?" என்று கேட்பான்.

பழி வித்வான் மேல் விழும். தப்பு குமிழில்!

வீட்டுப் பரணில் தாத்தா வைத்த தட்டோ டேப்போ இருந்தால், பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து, சரியான அளவு வைத்துப் பதிந்து வாங்குங்கள்.