அளவையும் ஆட்சியும்: றைன் நதியின் கதை

நதிமூலமும் இரிஷிமூலமும் தேடலாகாது என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆயின், நதிக்கரைகளிலே ஆலைகளும் சுரங்கங்களும் பெருநகரங்களும் பெருகிய பின்னர், நதியின் மூலத்தை மட்டுமன்றி, அதிற் கலக்கும் அழுக்கின் மூலத்தையும் தேடியே ஆகவேண்டிய நிலை மனிதனுக்கு ஏற்பட்டுவிட்டது. அத்தேடலைச் செய்பவர் விஞ்ஞானிகள். அவர்கள் கண்டதைச் சட்டமாக்கி, பணம் ஒதுக்கி, நடைமுறைப்படுத்த வேண்டியவர் ஆட்சியாளர். இவ்விரு சாராருக்குமிடையே பாலம் அமையாவிடின், அளந்த கணக்குகள் ஏட்டிலே உறங்கும். நதியோ அழுக்கைச் சுமந்துகொண்டு ஓடும். இவ்வுண்மையை நன்கு விளக்குவது ஐரோப்பாவின் றைன் நதியின் கதை.

நேயர்களே, றைன் நதி சுவிற்சர்லாந்திலுள்ள அல்ப்ஸ் மலைகளிலே தோன்றி, ஜேர்மனியின் தொழில் நகரங்களினூடும் பிரான்சின் எல்லையோரமாகவும் ஓடி, நெதர்லாந்திலே வடகடலைச் சேர்கின்றது. இலங்கை வரலாற்றில் ஒல்லாந்தர் எனக் குறிக்கப்படும் மக்களின் நாடே இந்நெதர்லாந்து. நதியின் நீளம் ஏறத்தாழ 1,230 கிலோமீற்றர். அதன் வடிநிலம் ஒன்பது நாடுகளிலே பரந்து கிடக்கின்றது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஆறு கோடி மக்கள். அவர்களுள் மூன்று கோடிப் பேர் வரையில் இந்நதியை நம்பியே குடிநீர் பெறுகின்றனர். சரக்குக் கப்பல்களுக்குப் பெருவழியாகவும், ஆலைகளுக்கு நீர்த்தொட்டியாகவும், நகரங்களுக்குக் கழிவு வாய்க்காலாகவும், அதே வேளையிற் கோடிக்கணக்கானோருக்குக் குடிநீராகவும் விளங்கவேண்டிய சுமை இவ்வொரு நதியின்மேல் வந்து விழுந்தது.

மேல்நாட்டார் விட்ட அழுக்கைக் கீழ்நாட்டார் குடிக்க நேரிடுவது நதியின் இயற்கை. ஆகவே முதலிற் குரல் எழுப்பியவர் கடைக்கோடியிலிருந்த நெதர்லாந்து மக்களே. பிரான்சின் அல்சாசு மாகாணத்திலிருந்த பொற்றாசுச் சுரங்கங்கள், தமக்கு வேண்டாத உப்பை நதியிலே கொட்டின. அவ்வுப்பு குடிநீரைக் கெடுத்தது. பூவும் காய்கறியும் பயிரிடுவோரின் தோட்டங்களையும் பாதித்தது. இக்குறையைத் தீர்க்க வேண்டி, 1950ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சுவிற்சர்லாந்து, பிரான்சு, லக்சம்பேர்க், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் பாசல் நகரிலே கூடி, றைன் நதியைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆணைக்குழுவை அமைத்தன. உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. நேற்றுவரை பகைவராய் நின்றோர் ஒரு நதியின் பொருட்டு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

அமர்ந்ததும் அவர்களுக்கு எதிர்ப்பட்ட முதற் சிக்கல் அரசியலன்று, அளவையே. ஒவ்வொரு நாடும் தனக்கு வாய்த்த முறையில் நீரைச் சோதித்து வந்தது. ஒரு நாட்டின் கணக்கை மறுநாடு ஏற்க மறுத்தால், பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்துவிடும். சந்தையிலே இரு வணிகர் இருவேறு படிகளைக் கையில் வைத்துக்கொண்டு நெல் அளந்தால் வழக்குத் தீருமா? ஆதலால், எவ்விடத்தில் நீர் எடுப்பது, எப்பொழுது எடுப்பது, எம்முறையிற் சோதிப்பது என்பவற்றை ஒருமனதாக வகுப்பதே ஆணைக்குழுவின் தொடக்க காலப் பணியாயிற்று. இது வெளிப்பார்வைக்குச் சிறிய செயலாகத் தோன்றலாம். எனினும், பின்னர் எழுந்த அனைத்துக்கும் அடித்தளமாய் அமைந்தது இதுவே. எல்லோரும் ஏற்கும் அளவை இருந்தாலன்றி எல்லோரும் ஏற்கும் சட்டம் பிறவாது.

ஆனால், அளவை மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது என்பதை அடுத்துவந்த முப்பது ஆண்டுகள் காட்டின. 1963இல் பேர்ண் நகரிற் செய்யப்பட்ட ஒப்பந்தம் ஆணைக்குழுவுக்குச் சட்ட பூர்வமான நிலையை அளித்தது. கணக்குகள் ஆண்டுதோறும் வெளிவந்தன. நதியோ ஆண்டுதோறும் கெட்டது. 1969இல் எண்டோசல்பான் என்னும் பூச்சிகொல்லி நதியிற் கலந்து, எண்ணிறந்த மீன்கள் மடிந்தன. 1971ஆம் ஆண்டளவில், நதியின் சில பகுதிகளிலே ஒட்சிசன் மிகவும் குன்றி, உயிரினங்கள் வாழ முடியாத நிலை தோன்றியது. அழுக்கைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உண்டுவிடுவதே இதன் காரணம். இவற்றுள் எதுவும் விஞ்ஞானிகள் அறியாததன்று. அவர்கள் எழுதி வைத்ததே.

அறிந்திருந்தும் செயல் ஏன் பிந்தியது? உப்பின் வரலாறு இதற்கு விடை கூறும். உப்பைக் குறைப்பதால் வரும் செலவு மேல்நாட்டிலே. அதனால் விளையும் நன்மை கீழ்நாட்டிலே. சுரங்கத் தொழிலாளரின் பிழைப்பு ஒருபுறம், தோட்டக்காரரின் பிழைப்பு மறுபுறம். 1976இல் உப்பைப் பற்றிய உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. அதன்படி, செலவில் 30 வீதத்தைப் பிரான்சும், 30 வீதத்தை ஜேர்மனியும், 6 வீதத்தைச் சுவிற்சர்லாந்தும் ஏற்க, பாதிக்கப்பட்ட நெதர்லாந்தே 34 வீதத்தை ஏற்றது! மாசு செய்தவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் நீதிக்கு இது முரணாகத் தோன்றலாம்; ஆயினும் வழக்கை இழுத்துக்கொண்டிருப்பதிலும் உடன்பட்டு நீரைக் காப்பதே மேலென நெதர்லாந்தார் கருதினர். அவ்வாறு உடன்பட்டும், அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1985இலேதான். அறிவு குறைந்ததாற் பிந்தவில்லை. செலவை யார் ஏற்பது என்னும் வினாவுக்கு விடை காண்பதே பிந்தியது.

இந்நிலையில், 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி, பாசல் நகருக்கு அருகே, சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனப் பண்டகசாலையொன்று தீப்பற்றியது. ஏறத்தாழ 1,350 தொன் இரசாயனப் பொருட்கள் அங்கு இருந்தன. நெருப்பை அணைக்க வீசிய நீர், பூச்சிகொல்லிகளையும் சாயத்தையும் அள்ளிக்கொண்டு நதியிற் பாய்ந்தது. நதி செந்நிறமாயிற்று. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழ்நாடுகளுக்குச் செல்லவேண்டிய எச்சரிக்கை காலம் தாழ்த்தியே சென்றது. கரையோர நகரங்கள் குடிநீர் எடுக்கும் வாயில்களை மூடின. மக்களின் சினம் மூண்டது.

முப்பது ஆண்டுக் கணக்குகள் சாதிக்காததை ஓர் இரவின் நெருப்புச் சாதித்தது எனச் சிலர் கூறுவர். அது பாதி உண்மையே. நெருப்பு கதவைத் திறந்தது. ஆனால் கதவு திறந்தபொழுது உள்ளே கொண்டுசெல்ல வேண்டிய பொருள் ஆயத்தமாக இருந்தது. எந்தெந்த நச்சுப்பொருள் எங்கிருந்து எவ்வளவு வருகின்றது என்பதை ஆணைக்குழு ஏற்கெனவே ஓரளவு அறிந்திருந்தபடியால், ஓராண்டுக்குள், 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, றைன் செயற்றிட்டம் நிறைவேற்றப்பட்டது. 1985க்கும் 1995க்கும் இடையில் முக்கியமான நச்சுப்பொருட்களின் வரவைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. பெரும்பாலான பொருட்களைப் பொறுத்தவரை இவ்விலக்கு எட்டப்பட்டது.

மற்றோர் இலக்கே மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. 2000ஆம் ஆண்டளவில் சால்மன் மீன் மீண்டும் றைனுக்குத் திரும்பவேண்டும் என்பதே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நதியிலே பெருவாரியாகப் பிடிக்கப்பட்ட சால்மன், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முற்றாக அற்றுப்போயிருந்தது. இம்மீன் கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்காக நதியின் எதிர்நீச்சலில் மலையடிவாரம்வரை செல்வது. ஆகவே அது திரும்ப வேண்டுமாயின், நீரில் ஒட்சிசன் இருக்கவேண்டும், நஞ்சு குறையவேண்டும், அணைகளிலே மீன் ஏறிச்செல்லும் படிகள் அமையவேண்டும், கிளையாறுகளில் முட்டையிடத்தக்க சரளைக்கல் படுகைகள் இருக்கவேண்டும். நூறு அளவைகள் சொல்ல வேண்டியதை ஒரு மீன் சொல்லிவிடுகின்றது. மில்லிகிராம் கணக்கை அறியாத கமக்காரனும் கப்பலோட்டியும் பாராளுமன்ற உறுப்பினரும், மீன் வந்ததா இல்லையா என்பதை அறிவர். விஞ்ஞானத்தை மக்கள் மொழியிற் பெயர்த்த செயல் இது.

1990இல் சீக் என்னும் கிளையாற்றிலே சால்மன் மீண்டும் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டு இஃபெற்ஸ்ஹைம் அணையிற் பெரிய மீன்படி திறக்கப்பட்டது. அதன் பின்னர் மேலே உள்ள அணைகளிலும் ஒவ்வொன்றாகப் படிகள் அமைக்கப்பட்டு வருகின்றன. எனினும் பாசல்வரை தடையின்றிச் செல்லும் வழி இன்னும் முழுமை பெறவில்லை.

எச்சரிக்கை பிந்திய குறையையும் விஞ்ஞானிகள் தீர்த்தனர். நதியிற் கொட்டப்பட்ட நஞ்சு எவ்வளவு வேகத்திற் செல்லும், எவ்வளவு பரவும், எந்த நகரை எந்த மணிக்கு அடையும் என்பதைக் கணிக்கும் முறையொன்று வகுக்கப்பட்டது. தீங்கற்ற சாயத்தை நதியிலே விட்டு, அது கீழே வந்து சேரும் நேரத்தை அளந்து, அக்கணிப்பைச் சரிபார்த்தனர். 1993இல் பாசலுக்கு அருகே வைல் என்னுமிடத்திற் கண்காணிப்பு நிலையமொன்று ஏற்பட்டது. சுவிற்சர்லாந்தும் ஜேர்மனியும் சேர்ந்து நடத்தும் அந்நிலையத்தில் நீர் நாள்தோறும் சோதிக்கப்படுகின்றது. அங்கு நஞ்சு காணப்பட்டால், அது நெதர்லாந்தைச் சேருமுன் சில நாட்கள் கிடைக்கின்றன. நீர் எடுக்கும் வாயில்களை உரிய வேளையில் மூடலாம்.

றைனிற் கற்ற பாடங்களோடு பிற நதிகளின் அனுபவமும் சேர்ந்து ஐரோப்பா முழுவதற்குமான சட்டத்துக்கு வழிகோலின. 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் நீருக்கான பொதுப் பணிப்புரையை இயற்றியது. அதன் சிறப்புகள் இரண்டு. முதலாவது, நீரை நாட்டெல்லையின்படி அன்றி வடிநிலத்தின்படி நிருவகிக்க வேண்டும் என்றது; மழைத்துளி எல்லைக்கல்லைப் பார்த்து ஓடுவதில்லை அன்றோ? இரண்டாவது, நீரில் என்ன கலந்திருக்கின்றது என்பதோடு, அதில் எவை வாழ்கின்றன என்பதையும் கேட்டது. பாசி, நீர்த்தாவரம், அடித்தளத்துச் சிற்றுயிர், மீன் ஆகியவற்றை ஆராய்ந்து, மிக நன்று முதல் மிகத் தீது வரை ஐந்து தரங்களாக நீர்நிலைகளை வகுக்கவேண்டும். ஒன்றில் தவறினாலும் முழு நீர்நிலையும் அத்தாழ்ந்த தரத்தையே பெறும். ஒரு பாடத்தில் தவறிய மாணவனுக்குச் சித்தி இல்லை என்பது போன்றது இது.

இங்கும் பழைய சிக்கல் புதிய வடிவில் எழுந்தது. பின்லாந்தின் ஏரியிலே நன்று எனப்படுவதும், ஸ்பானியாவின் வறண்ட ஆற்றிலே நன்று எனப்படுவதும் ஒன்றாகுமா? அறிஞர்கள் பல ஆண்டுகள் கூடி, ஒவ்வொரு நாட்டின் அளவுகோலையும் மற்றதனோடு ஒப்பிட்டுச் சீர்செய்தனர். 1950இல் ஐந்து நாடுகள் செய்த பணியை இம்முறை ஒரு கண்டமே செய்தது எனலாம்.

விளைவு யாது? 2015ஆம் ஆண்டுக்குள் எல்லா நீர்நிலைகளும் நல்ல தரத்தை அடையவேண்டும் என விதிக்கப்பட்டது. பின்னர் 2027 வரை தவணை நீடிக்கப்பட்டது. ஐரோப்பியச் சுற்றாடல் முகவர் நிலையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு, ஏரி முதலிய மேற்பரப்பு நீர்நிலைகளுள், உயிரினச் சூழலைப் பொறுத்தவரை நல்ல தரத்தையோ அதனினும் மேலான தரத்தையோ அடைந்தவை 37 வீதம் மட்டுமே. வயல்களிலிருந்து வடியும் உரமும் பூச்சிகொல்லியும், ஆறுகளைத் தடுக்கும் அணைகளும் இன்னும் பெருந்தடையாக உள்ளன. ஓர் ஆலையின் குழாயை அடைப்பது எளிது; இலட்சக்கணக்கான வயல்களின் வரப்பை அடைப்பது எளிதன்று.

விஞ்ஞானி பேசும் மொழியும் ஆட்சியாளன் கேட்கும் மொழியும் வேறு என்பதும் தடைகளுள் ஒன்று. விஞ்ஞானி, இப்பொருள் தீங்கு செய்யக்கூடும், மேலும் ஆராயவேண்டும் என்பான். ஆட்சியாளன், தடுப்பதா விடுவதா என்பதை இன்றே சொல் என்பான். இருவருக்கும் இடைவழியாக, 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் கண்காணிப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஐயத்துக்குரிய பொருட்களை உடனே தடைசெய்யாமலும், மறந்துவிடாமலும், எல்லா நாடுகளிலும் அளந்து பார்ப்பதே அதன் நோக்கம். டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து அம்முதற் பட்டியலில் இடம்பெற்றது.

ஒன்றியத்தைச் சேராத சுவிற்சர்லாந்து இன்னும் ஒருபடி முன்னே சென்றது. மருந்து முதலியவற்றின் நுண்ணிய எச்சங்கள் சாதாரண சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து செல்கின்றன என ஆராய்ச்சியாளர் காட்டினர். ஓசோன் வாயுவாலும் விசேட கரியாலும் அவற்றை நீக்கலாம் என்பதை நிலையங்களிலேயே பரீட்சித்தும் காட்டினர். செலவையும் கணக்கிட்டுக் கொடுத்தனர். 2016 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, கழிவுநீர்த் தொகுதியோடு இணைந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆகக்கூடியது 9 பிராங்கு வீதம் அறவிட்டு, தெரிந்தெடுத்த நிலையங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. குறை இன்னது, தீர்வு இன்னது, செலவு இவ்வளவு என மூன்றையும் சேர்த்துச் சொன்னமையால் ஆராய்ச்சி சட்டமாயிற்று.

நேயர்களே, றைன் இன்னும் முழுத் தூய்மை பெற்ற நதியன்று. ஆயினும், உயிரற்றதெனக் கைவிடப்பட்ட நதியிலே மீன் திரும்பியது பொய்யன்று. எல்லோரும் நம்பும் அளவை, எல்லோருக்கும் விளங்கும் இலக்கு, செலவை ஏற்கும் உறுதி ஆகிய மூன்றும் கூடியபொழுது அது நிகழ்ந்தது. இவற்றுள் ஒன்று குறைந்த காலமெல்லாம், அறிஞர் எழுதிக்கொண்டே இருந்தனர். மீன்கள் மடிந்துகொண்டே இருந்தன. அளப்பவர் கையும் ஆள்பவர் கையும் இணையும் இடத்திலேதான் நதி தெளிகின்றது.