தள்ளி வைக்கப்பட்ட தத்துவ ஞானி

1656-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி. ஹாலந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள யூதர்களின் ஜெப ஆலயத்தில் ஒரு கட்டளை வாசிக்கப்பட்டது.

23 வயது வாலிபர் ஒருவரை அந்தச் சமூகம் தள்ளி வைத்தது. அவரோடு யாரும் பேசக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது. நாலு முழ தூரத்துக்குள் நெருங்கக் கூடாது. அவர் எழுதியதைப் படிக்கவும் கூடாது!

அந்த வாலிபரின் பெயர் பாரூக் ஸ்பினோசா. "பாரூக்" என்றால் எபிரேய மொழியில் "ஆசி பெற்றவர்" என்று பொருள். ஆசி பெற்றவருக்குக் கிடைத்தது சாபம்!

ஒண்ட வந்த இடம்

அவர் செய்த குற்றம் என்ன? தீய கொள்கை, தீய செயல் என்று மட்டுமே கட்டளை கூறியது. விவரம் இல்லை. அப்போது அவர் ஒரு புத்தகம்கூட வெளியிட்டிருக்கவில்லை.

அவருடைய குடும்பம் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்தது. அங்கே யூதர்களைக் கட்டாயப்படுத்திக் கிறிஸ்தவர்களாக மாற்றினார்கள். ரகசியமாகப் பழைய மதத்தைக் கைக்கொண்டவர்களை உயிரோடு எரித்தார்கள். தப்பியவர்களுக்கு ஹாலந்து இடம் கொடுத்தது. ஒண்ட வந்த இடத்தில், ஒருவருடைய பேச்சால் எல்லோருக்கும் வம்பு வருமோ என்று பெரியவர்கள் அஞ்சியிருக்கலாம்.

கண்ணாடி தேய்த்தார்

ஒரு மதத்தை விட்டவர் இன்னொரு மதத்தில் சேர்வதே அந்தக் கால வழக்கம். ஸ்பினோசா எதிலும் சேரவில்லை. பூதக்கண்ணாடிக்கும் தொலைநோக்கிக்கும் வேண்டிய கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்தார். எளிய அறையில் வாழ்ந்தார்.

1673-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் சர்வகலாசாலை அவரை ஆசிரியராக அழைத்தது. சிந்தனைச் சுதந்திரம் பறிபோகும் என்று பதவியை மறுத்து விட்டார். 1677-ல், 44-வது வயதில், நுரையீரல் நோயால் இறந்தார்.

என்ன சொன்னார்?

கடவுள் வேறு, இயற்கை வேறு அல்ல. இரண்டும் ஒன்றே என்றார். அந்தக் கடவுள் கோபிப்பதும் இல்லை. வரம் கொடுப்பதும் இல்லை.

1670-ல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். ஐந்து வேதாகமங்களையும் எழுதியவர் மோசே அல்ல. அவருக்கு வெகுகாலம் பின்னே வந்தவர்கள் என்று அதில் வாதித்தார். மோசேயின் சட்டங்கள் பழைய யூத ராஜ்யத்துக்கு மட்டுமே உரியவை என்றார். ஒவ்வொருவரும் நினைத்ததைச் சொல்ல அரசு இடம் கொடுக்க வேண்டும் என்றார். 1674-ல் ஹாலந்து அரசு அந்த நூலைத் தடை செய்தது.

ஏற்றவரும் ஏசியவரும்

அவருக்குப் பின் வந்த யூத அறிஞர்கள் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. ஜெர்மனியில் வாழ்ந்த மோசஸ் மெண்டல்சன், 1783-ல் எழுதிய நூலில், மதம் யாரையும் பலவந்தம் செய்யக் கூடாது, தள்ளி வைக்கவும் கூடாது என்றார். ஆனால், யூதர்கள் மோசேயின் சட்டத்தைக் கைவிடக் கூடாது என்றும் சொன்னார்.

1915-ல் ஹெர்மன் கோஹன் என்ற தத்துவ அறிஞர், ஸ்பினோசா தன் இனத்துக்கே துரோகம் செய்தவர் என்று சாடினார். விஞ்ஞானி ஐன்ஸ்டீனோ, 1929-ல் ஒரு யூத மதகுரு கேட்டபோது, ஸ்பினோசா சொன்ன கடவுளையே தாம் நம்புவதாகப் பதில் அனுப்பினார்.

விலக்கு நீங்கியதா?

1927-ல் ஜெரூசலம் நகரில் பேராசிரியர் யோசேப் கிளவுஸ்னர், விலக்கு நீங்கியது, ஸ்பினோசா நம் சகோதரர் என்று அறிவித்தார். 1953-ல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன், அந்த அநீதியைத் திருத்த வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். 1956-ல் ஹேக் நகரில் ஸ்பினோசாவின் கல்லறை அருகே, இஸ்ரேலிலிருந்து வந்த கருங்கல் நாட்டப்பட்டது. "உன் மக்கள்" என்று பொருள்படும் ஒரே ஒரு எபிரேயச் சொல் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இவர்கள் யாரும் மதகுருக்கள் அல்ல. விலக்கை நீக்கலாமா என்று ஆம்ஸ்டர்டாம் சபையார் தங்கள் தலைமை மதகுருவைக் கேட்டார்கள். 2013-ல் அவர் மறுத்தார். ஸ்பினோசா கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லையே என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

2021-ல் ஸ்பினோசாவைப் பற்றி ஆராயும் ஒருவர், அந்த ஆலயத்தில் படம் எடுக்க அனுமதி கேட்டார். வரவே கூடாது என்று மதகுரு கடிதம் அனுப்பினார். தங்களைக் கேட்காமல் அனுப்பிய கடிதம் என்று சபை நிர்வாகிகள் சொல்லிவிட்டார்கள்!

வேதத்தை ஏற்காதவரும் யூதர்தானா? மதகுரு விதியைப் பார்க்கிறார். மற்றவர்கள் பிறப்பையும் உறவையும் பார்க்கிறார்கள். ஸ்பினோசா விட்டுச் சென்ற அந்தக் கேள்வி, ஒரே ஆலயத்துக்குள்ளேயே இரண்டு பதிலோடு நிற்கிறது.