சறுக்கும் சாலை

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் அமைந்தது சுவீடன் நாடு. அங்கே குளிர்காலம் நீண்டது. பகற்பொழுதோ மிகக் குறுகியது. நம் நாட்டு மார்கழிப் பனி, புல்நுனியில் துளியாகத் தங்கிக் கதிரவன் வரவு கண்டு மறைவது. அந்நாட்டிலோ சாலைமேல் நீர் உறைந்து, கட்டியாகிப் பல நாள் கிடக்கும். வெண்பனி குவிந்து கிடக்குமாயின் ஓட்டுநர் அதனைக் கண்டு விழிப்புறுதல் கூடும். அஞ்சத்தக்கது பிறிதொன்று. மழைநீரோ, உருகிய பனிநீரோ இரவில் மெல்லிய ஏடுபோல உறைந்துவிடும். கண்ணாடி போன்ற அவ்வேட்டின் ஊடே தாரின் கருமையே தோன்றும். ஆதலின் அதனைக் கரும்பனி என்பர். பார்ப்பவர்க்கு அது வெறும் ஈரம்போலவே காணப்படும். மேலும் கீழும் குளிர்காற்று வீசும் பாலங்களில் அது முந்தி உறையும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். உலர்ந்த சாலையில் பிரேக்கை அழுத்தினால் அஃது ஏறத்தாழ 40 மீட்டருக்குள் நின்றுவிடும். வழுக்கும் பனிக்கட்டியின்மேல் அதே கார் நிற்பதற்கு 300 மீட்டரும் போதாமற் போகலாம். சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுதலே இதற்குக் காரணம். இடையில் ஒரு வளைவும் இருப்பின் நேர்வது யாதெனச் சொல்ல வேண்டுவதில்லை. முன்னே சென்றவர் சறுக்கி அரிதின் உயிர் தப்பினும், ஐந்து நிமிடம் கழித்துப் பின்னே வருபவர் அதனை அறியார்.

அறியுமாறு செய்தல் இயலுமோ? இயலும் என்பதை அந்நாட்டார் காட்டினர். சாலை விபத்தால் ஒருவரும் உயிரிழத்தல் கூடாது என்னும் குறிக்கோளைச் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு வால்வோ நிறுவனம், தன் பொறியாளர் நீல்ஸ் போலின் அமைத்த மும்முனை இருக்கைப்பட்டையை 1959-ஆம் ஆண்டிலேயே கார்களிற் பொருத்தி, பிற நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த இசைந்தது. அதே நிறுவனம், இரு நாட்டுச் சாலைத் துறைகளோடும் கூடி ஆய்ந்து, 2016-ஆம் ஆண்டில் சுவீடனிலும் நார்வேயிலும் சறுக்கல் எச்சரிக்கை என்னும் ஏற்பாட்டைத் தன் கார்களிற் கொணர்ந்தது.

அதன் இயல்பு வருமாறு: காரின் ஒவ்வொரு சக்கரத்திலும் அது சுழலும் விரைவை அளக்கும் உணரி ஒன்று உண்டு. கார் ஓடிக்கொண்டிருக்க, ஒரு சக்கரம் மட்டும் சுழற்சி குறைந்து நிற்குமாயின் அது சாலையைப் பற்றவில்லை, சறுக்குகின்றது என்பது பெறப்படும். இவ்வுணரிகள் புதியன அல்ல; பிரேக்கு இறுகிச் சக்கரம் பூட்டிக்கொள்ளாதிருத்தற்பொருட்டு முன்னரே அமைக்கப்பட்டவை. தன் காரைக் காப்பதற்கு அமைந்த கருவி பிறர் காரையும் காக்கத் தொடங்கியது என்பதே இங்குக் கருதத்தக்கது. விண்ணில் உலவும் செயற்கைக்கோள்களால் கார் தான் நிற்கும் இடத்தை அறியும். இடமும் சறுக்கலும் ஆகிய இரண்டையும் செல்பேசி அலைவழியே ஒரு நடுநிலையக் கணிப்பொறிக்கு அனுப்பும். கணிப்பொறி, அவ்விடத்தை நெருங்கும் கார்களுக்கு உடனே தெரிவிக்கும். ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் எச்சரிக்கை தோன்றும். அவர் மிகு விரைவில் வந்தால் அது மேலும் வன்மையாகத் தோன்றும். காலைத் தளர்த்தி விரைவைக் குறைக்கவேண்டியவர் அவரே.

தம் கார் தம்மைப்பற்றிப் பிறர்க்கு உரைக்கின்றது என்று கேட்பின் எவர்க்கும் ஐயம் எழும். எங்குச் சென்றார், எவ்வளவு விரைந்தார் என்பன வெளிப்படுமாயின் மக்கள் இதனை வெறுப்பர், அவ்வெறுப்புத் தவறன்று. அதனால் ஓட்டுநர் இன்னார் என்பது தோன்றாதவாறே செய்தி பகிரப்படுகின்றது. சறுக்கிய இடமே வேண்டுவது. சறுக்கியவர் பெயர் எதற்கு?

இதற்கு ஒரு குறையும் உண்டு. செய்தி சொல்லும் கார் முன்னே செல்லாத சாலையில் எச்சரிக்கையும் இராது. ஆதலின் ஒரு நிறுவனத்தின் கார்கள் மட்டும் தமக்குள் பேசிக்கொள்ளுதல் போதாது. சாலைப் பயணிகளுக்குக் கட்டணமின்றி அறிவிக்கத்தக்க இடர்கள் எட்டினை ஐரோப்பிய ஒன்றியம் 2013-ஆம் ஆண்டில் விதியாக வகுத்தபோது, சறுக்கும் சாலையையே முதலில் வைத்தது. 2019-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ., ஃபோர்டு, மெர்சிடஸ், வால்வோ முதலிய நிறுவனங்களும் அரசுகள் சிலவும் கூடி இத்தகைய செய்திகளைப் பகிர்ந்துகொள்ள முற்பட்டன. வாணிகத்தில் ஒன்றையொன்று வெல்ல முயல்வன, இவ்வொன்றில் கைகோத்தன.

சாலைத் துறையினரும் இதனாற் பயன் பெறுவர். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. ஆதலின் இரவில் லாரிகள் சாலையெங்கும் உப்புத் தூவிச் செல்லும். சாலையோர வானிலை நிலையங்களின் குறிப்பைக் கொண்டு இடம் தேர்ந்த அவர்க்கு, ஓடும் கார்களும் இப்பொழுது இடம் சுட்டுகின்றன. கடுங்குளிரில் உப்பும் பயன்படாதாக, அங்கு மணல் தூவுவர். அதன்பின் அவ்வழியே செல்லும் கார்களின் சக்கரங்கள் சறுக்காவாயின் புதிய செய்தி வாராது. பழைய எச்சரிக்கையும் நீங்கும்.